எந்த வரியில் இருக்கிறது? நட்பை வைத்து ஆங்கிலம் வாசிக்கப் பழக்கிய அனுபவங்கள்

உசிலம்பட்டி பக்கம், அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை:

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நட்பு என்று ஆரம்பித்தாலே போதும், 'எ ஃப்ரெண்ட் இன் நீட்' என்று வகுப்பே கோரஸாகப் பாடும். அதற்கு மேல் ஒரு வரி நகராது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் சிலர் மடமடவென்று வாசித்துவிடுவார்கள். முடித்ததும் "என்னடா நடந்துச்சு?" என்று கேட்டால், "திரும்ப வாசிக்கவா டீச்சர்?" என்பான்.

இந்தத் தலைப்பை எடுக்கிற பலரும் நல்ல நண்பனின் குணங்களில் தொடங்குகிறார்கள். உதவுவான், பொய் சொல்ல மாட்டான், கைவிட மாட்டான். எல்லாம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்ததுதான், அதில் வாசித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கரடி வந்ததும் ஒருவன் மட்டும் மரத்தில் ஏறிக்கொண்ட கதையும் இதே கேஸ்தான். முதல் வரியில் கரடி என்று பார்த்ததுமே கடைசி வரியைச் சொல்லிவிடுவார்கள்.

அதனால் நான் சண்டையில் தொடங்கினேன். நானே எழுதிய சின்னப் பத்தி. வழக்கமான ராமு, சோமுதான். ராமு, சோமுவின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறான். பாட்டிக்கு முடியவில்லை என்று அம்மாவிடமிருந்து போன் வந்திருக்கிறது. சாயங்காலம் பஞ்சரோடு கொண்டுவந்து சுவரோரம் நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறான். மறுநாள் டவுன் பஸ்ஸில் சோமு பக்கத்து சீட்டில் தன் பையை வைத்திருக்கிறான். ராமு ஏறுகிறான். சோமு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. கோபம் என்ற சொல்லே அதில் கிடையாது, வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பத்தி நூறு வார்த்தை சொச்சம் வரும். அதில் தெரியாத வார்த்தை ஒன்றிரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கதையைத் துணையில்லாமல் புரிந்து வாசிக்க நூற்றுக்கு 98 வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் வந்த, ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வு சொல்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத வார்த்தைக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகளின் பக்கத்தில் கோடு போடாத வரியே இருக்காது. அவர்களைப் போய் வாசிப்பில் ஆர்வம் இல்லை என்று திட்டுகிறோம்.

ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன். யாரும் சத்தமாக வாசிக்கக் கூடாது, மனசுக்குள்தான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: தப்பு யார் மேல்? தமிழிலேயே பேசலாம். ஆனால் எதைச் சொன்னாலும், அது எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பாட்டிக்கு முடியலைன்னா கேட்டுக்கிட்டா நிப்பாங்க?" என்று ஒரு பக்கம். "போன் வந்தது முன்னாடியா, சைக்கிள எடுத்தது முன்னாடியா? அதச் சொல்லு மொதல்ல" என்று ஒரு பெண் மடக்கினாள். எல்லாத் தலையும் தாளில் கவிழ்ந்தது. அம்மா 'ஹேட் கால்ட்', அதாவது அதற்கு முன்பே கூப்பிட்டிருந்தார், என்று எழுதியிருந்தேன். அந்த 'ஹேட்' மேல் விரலை வைத்து, போன்தான் முதலில் என்று ஒருத்தி நிரூபித்தாள். பாஸ்ட் பெர்ஃபெக்டை நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன், சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறவர் மகன், எழுந்து நின்றான். "ஓசி வாங்குனவன் பஞ்சர் ஒட்டித்தான் குடுக்கணும்." எந்த வரி என்று வகுப்பே கத்தியது. மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வரி இல்ல டீச்சர். ஆனா அதான் நியாயம்."

பலகையில் நெடுக்காகக் கோடு போட்டேன். இடப்பக்கம் தாளில் இருப்பது, வலப்பக்கம் நாமாகச் சொல்வது. அவன் நியாயம் வலப்பக்கம் போனது. அப்படியானால் சோமுவுக்குக் கோபம் என்பது எந்தப் பக்கம்? அதற்குத்தான் பெரிய ரகளை. வார்த்தை இல்லை, ஆனால் சீட்டில் பை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. கடைசியில் கோட்டின் மேலேயே எழுதுங்கள் டீச்சர் என்றார்கள். எழுதினேன். பயிற்சி வகுப்புகளில் இன்ஃபரன்ஸ் என்று எங்களுக்கு மூச்சு முட்டச் சொல்லித் தருவது இதைத்தான்.

மறுநாள் சிவப்புப் பென்சிலில் ராமுவுக்கு ஒரு வட்டம், நீலத்தில் சோமுவுக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு 'ஹீ'யும் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நடுவில் ஆள் மாறிப்போனது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதுதான் இடறுகிற இடம் என்பது என் அபிப்பிராயம். வார்த்தைக்கு அர்த்தம் தெரியும், யார் செய்தது என்பதில் தடுக்கி விழுவார்கள்.

வாய்விட்டு வாசித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஆரப்பாளையம், ஆட்டோ ஓட்டுகிறேன்:

டீச்சர் எழுதியதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மகள் பத்தாம் வகுப்பு. டியூஷனில் வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். கேள்வியில் இருக்கிற வார்த்தை பத்தியில் எங்கே வருகிறது என்று பார், அந்த வரியை அப்படியே எழுது, பத்தியை முழுசாக வாசித்து நேரத்தை வீணாக்காதே. மார்க் வருகிறது. ஒரு நாள் சவாரி இல்லாத நேரத்தில் அந்தப் பத்தி எதைப் பற்றி என்று கேட்டேன். "தெரியாதுப்பா, ஆனா அஞ்சும் கரெக்ட்" என்றாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பொதுத் தேர்வு இருக்கும்போது இப்படி உட்கார்ந்து சண்டை போட நேரம் எங்கே இருக்கிறது டீச்சர்?

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், மதுரை:

டீச்சரம்மா செய்ததற்குப் பிரிவினைக்கு முந்தைய நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், 1920களில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்தவர். பாதியில் படிப்பை விடுகிற பிள்ளைக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், அது வாசிப்பாகத்தான் இருக்க முடியும் என்று வாதாடினார். வாசகப் புத்தகங்களில் புது வார்த்தைகள் நெருக்கியடித்து வருவதைப் பார்த்து, அவற்றைக் குறைத்து, இடைவெளி விட்டு வரும்படி தாமே எழுதினார். பிறகு 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2000 வார்த்தைகள் கொண்ட பட்டியலைப் பாடநூல் எழுதுகிறவர்கள் வெகுகாலம் பயன்படுத்தினார்கள்.

தெரிந்த கதை என்றால் பிள்ளைகள் வாசிக்க மாட்டார்கள் என்கிறீர்கள். அதிலும் ஒரு வழி இருக்கிறது. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு பள்ளியில் கோடை வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். பிரான்மலைதான் பாரியின் பறம்பு மலை என்று சொல்லும் ஊர்க்காரப் பிள்ளைகள். கபிலர், பாரி நட்பை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடினமான வார்த்தைகள் நிறையவே இருந்தன. ஆனாலும் எல்லாரும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் தாளிலிருந்து சொல்கிறார்களா, தமிழ்ப் பாடத்திலிருந்து சொல்கிறார்களா?

அடுத்த பிரிவுக்கு ஒரே ஒரு இடத்தை மாற்றினேன். முல்லைக்கொடிக்குப் பாரி குதிரையைக் கொடுத்தான் என்று 'எ ஹார்ஸ்' போட்டேன். என்ன கொடுத்தான் என்று கேட்டதும் முக்கால்வாசிப் பேர் தேர் என்றார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் தயங்கித் தயங்கி, "அய்யா, இதுல குதிரைன்னு தப்பா அச்சாயிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எந்தத் தாளைக் கொடுத்தாலும், எங்கே ஏமாற்றியிருக்கிறேன் என்று தேடித்தேடி வாசித்தார்கள். கபிலரைப் பாரியின் படைத்தளபதி ஆக்கினேன், அதையும் பிடித்தார்கள். கல்லூரியில் நான் பார்த்த முதலாண்டு மாணவர்கள் பலரை இந்தப் பிள்ளைகள் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

கொட்டாம்பட்டி பக்கம், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள்:

2021இல் அந்தத் திட்டம் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. எல்லாம் சின்னப் பிள்ளைகள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியதில் ஏ, பி, சி, டியே மறந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பத்தியெல்லாம் தாங்காது சார்.

நான் சீட்டு எழுதச் சொன்னேன். கூட்டாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி. வாய் திறக்காமல் கொடுக்க வேண்டும், அவர் வாசித்து, எழுதியபடி செய்ய வேண்டும். 'கிவ் மீ பென்சில்', 'கம் டு மை ஹவுஸ்', இந்த அளவில்தான். எழுத்துப் பிழை எக்கச்சக்கம். நான் திருத்தவில்லை. வாங்கினவன் புரியவில்லை என்றால் அவனே போய்ச் சண்டை போடுவான், எழுதினவன் அழித்து எழுதுவான்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். என்ன நடந்ததோ, ஒருத்தி எழுதிய சீட்டு: 'ஐ ஆம் நாட் டாக் டு யூ.' வாங்கியவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். அதுவரை 'டாக்' என்ற வார்த்தையைக் காட்டினால் முழிக்கிற பிள்ளை. முகம் விழுந்துவிட்டது. சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'ஒய்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில். வகுப்பு முடிகிற வரைக்கும் நான் குறுக்கே போகவில்லை. பழம் விட்டுக்கொண்டது வீட்டுக்குப் போகிற வழியில், தமிழில்தான்.

டீச்சர், உங்கள் ராமு சோமு பத்தியை அஞ்சாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா?

உசிலம்பட்டி ஆசிரியை:

ஆட்டோக்கார அண்ணே, அந்த டியூஷன் வித்தை, கேள்வியில் பத்தியின் வார்த்தையே வந்தால்தான் பலிக்கும். பை ஏன் சீட்டில் இருந்தது என்று கேட்டால் எந்த வரியை எடுத்து எழுதுவது? 'பிகாஸ்' என்று ஒரு வரியும் அதில் இல்லை. தேர்வில் இந்த மாதிரி ஒன்றிரண்டு வந்தால் அங்கேதான் மார்க் போகும். முழுப் பத்தியை வாசிக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகட்டும், அதற்குத் தேர்வில் நேரம் இருக்கிறது. நீங்கள் ஒன்று செய்யலாம். பாப்பா ஐந்து கேள்விக்கும் விடை எழுதின பிறகு, அதே பத்தியிலிருந்து ஆறாவதாக ஒரு கேள்வியை அவளே தயார் பண்ணட்டும், விடை ஒரே வரியில் இருக்கக் கூடாது. உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த வரி என்று மட்டும் கேளுங்கள்.

அய்யா, குதிரை யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கரடிக் கதையில் மரத்தில் ஏறுகிறவனையும் கீழே கிடக்கிறவனையும் மாற்றிப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

கொட்டாம்பட்டித் தங்கச்சி, அஞ்சாம் வகுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். 'ஹேட் கால்ட்' வரியை எடுத்துவிட்டு, போன் வருவதை முதலிலேயே நேராக எழுதிவிடுங்கள். 'ஹீ' வரும் இடங்களில் பாதிக்குப் பெயரையே போடுங்கள். 'பஞ்சர்' அவர்களுக்குத் தெரிந்ததுதான், எழுத்தில் பார்த்தால் மட்டும் மிரளுவார்கள், முன்னாலேயே பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டிவிடுங்கள். பஸ் சீட்டு இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.