முப்பது அங்குல பேஸ்: வாங்கின கதைகளும் செட் பண்ணின கதைகளும்

கல்லடி டீச்சர்:

பேஸ் கிட்டாரில் இத்தனை அங்குலம் என்பது, தலைப்பக்கத்தில் கம்பி உட்காருகிற பள்ளக் கட்டையான நட்டிலிருந்து உடம்பிலுள்ள பாலம் (பிரிட்ஜ்) வரை கம்பி அதிருகிற நீளம், அதாவது ஸ்கேல். 34 அங்குல பேஸில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கோடு) இடையில் ஏறத்தாழ 48 மில்லிமீற்றர். 30 அங்குல பேஸில் 43. ஐந்து மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்குக் கை பெரிது, அவ்வளவுதான். ஆராதனைப் பாட்டுகளில் பாதி எஃப், ஜி என்று நட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நீளப் பேஸில் அரை மணித்தியாலம் வாசித்தால் எனக்கு இடது மணிக்கட்டு உளையத் தொடங்கிவிடும்.

அதனால் ஷோர்ட் ஸ்கேல், அதாவது 30 அங்குலப் பக்கத்துப் பேஸ் தேடினேன். மட்டக்களப்பில் பேஸ் என்று கேட்டால் 34தான் எடுத்துக் காட்டுவார்கள், அதுவும் கையிருப்பில் இருந்தால். ஒரு கடையில் "சின்னப் பிள்ளைகள் பழகுறதுக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள். புதிதாக எடுப்பிக்கலாம் என்றால், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை பாய்ந்ததோடு கிட்டார் விலையும் எட்டாத இடத்துக்கு ஏறிவிட்டது. கடைசியில் இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு தெஹிவளையில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஸ்குவையர் புரொங்கோ, கறுப்பு நிறம், ஒரேயொரு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்).

கைப்பையில் தையல் நாடா கொண்டுபோயிருந்தேன். விளம்பரத்தில் ஷோர்ட் ஸ்கேல் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், 28.6 அங்குல மினி பேஸையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல். எனக்குச் சரியாக 15 அங்குலம் வந்தது. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் (கழுத்தின்) நீளத்துக்கு முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். வளைவு என்றால் நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கோலான ட்ரஸ் ரொட்டால் சமாளிக்கலாம். முறுக்கிய நெக்கைத் திருத்துகிற ஆள் நமது பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ரொட் வேலை செய்கிறதா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிட வேண்டும். கால் சுற்று தளர்த்தி, திரும்பக் கால் சுற்று இறுக்கிக் காட்டச் சொன்னேன். விற்றவர் முகம் சுளிக்காமல் செய்து காட்டினார். உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே ஊருக்கு வந்து சேர்ந்தேன். சாதாரண கிட்டார் பைக்குள் அடங்காது, பேஸ் பையில் போட்டால் அப்பாவின் சேட்டைப் போட்ட பொடியன் மாதிரித் தொளதொள என்று கிடக்கும். பையையும் யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டில் அம்பில் (அம்ப்ளிஃபயரில்) போட்டால் ஏ, டி, ஜி கம்பிகள் மூன்றும் வடிவாகக் கேட்கிறது, தடித்த ஈ கம்பி மட்டும் புர்ர் என்று உதறுகிறது. இந்த இடத்தில்தான் பலபேர் "ஷோர்ட் ஸ்கேல் என்றால் இப்படித்தான்" என்று கைவிட்டுவிடுகிறார்கள். பேஸில் ஒரு குறையும் இல்லை. போட்டிருந்தது 34 அங்குலத்துக்கான கம்பி. நீளப் பேஸில் நட்டைத் தாண்டிய பிறகு மெலிகிற மாதிரித்தான் அந்த ஈ கம்பியைச் செய்திருப்பார்கள். நீளம் குறைந்த பேஸில் மெலிகிற இடம் வருமுன்பே, தடித்த பகுதியையே சுருதி கூட்டுகிற கீயில் சுற்ற வேண்டி வருகிறது. அந்தச் சின்ன உருளையில் வளைய மறுத்து, சுற்றுக்குச் சுற்று விலகி, நட்டுப் பள்ளத்தில் உட்காராமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஷோர்ட் ஸ்கேலுக்கென்றே வருகிற 45–100 செட் (கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில்) ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டதும் உதறல் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி நெக். மருமகன் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறான். என்ஜின் வால்வு இடைவெளி (டெப்பட்) பார்க்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை அவனிடம் வாங்கினேன். முதலில் ட்யூன் பண்ணி, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேருகிற இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் கம்பியே நேர்கோல் ஆகிவிடும். ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே 0.3 மில்லிமீற்றர் தகடு உரசியும் உரசாமலும் போக வேண்டும். எனக்கு மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை, கம்பி ஃப்ரெட்டில் படுத்துக் கிடந்தது. மருமகன் அலன் கீயால் ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்று தளர்த்தினான். கம்பியின் இழுவைக்கு நெக் கொஞ்சம் முன்னுக்கு வளைந்து கொடுக்கும். அடுத்த நாள் திரும்ப அளந்து, ட்யூன் பண்ணி, இன்னும் ஒரு துளி. அவசரப்படவும் கூடாது, பலத்தைக் காட்டவும் கூடாது. கராஜ்காரர்களிடம் இதைத் தொடங்குமுன்பே சொல்லி வையுங்கள்.

நெக் சரியான பிறகுதான் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியின் உயரம். 17ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மில்லிமீற்றர், ஜிக்கு 2 என்பது பொதுவான அளவு. நான் ஈயை 2.6இல் விட்டேன், இழுவை குறைந்த கம்பி ஆடுவதற்கு இடம் வேண்டும். கடைசியாகச் சுருதிச் சுத்தம். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தொட்டு எடுக்கிற ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எடுக்கிற சுரமும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது கூர்மையாக (சுருதி கூடி) இருந்தால், பாலத்தில் கம்பியைத் தாங்குகிற சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். என்னுடையதில் இரண்டு கம்பிக்கு ஒரு சேடில், ஆகவே ஈயையும் ஏயையும் நடுவில் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். ஆராதனைக்கு அது போதும்.

மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

அக்கரைப்பற்று சவுண்ட்:

டீச்சர் சொன்ன வரிசை சரி: கம்பி, நெக், உயரம், சுருதி. மாற்றிச் செய்தால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். ஆனால் கலியாண மண்டபத்தில் நிலைமை வேறு. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்தோடு குறையும். 30ஐ 34ஆல் பிரித்து வர்க்கம் எடுங்கள், 0.78 வரும். கிட்டத்தட்ட 22 வீதம் தளர்வு. வீட்டில் அது இனிமையான உருண்டைச் சத்தம். 18 அங்குல ஸ்பீக்கர் பொக்ஸ் நான்கு அடுக்கிய மண்டபத்தில் அதே சத்தம் சுவரில் அடிபட்டுக் குழம்பாகிவிடும்.

எங்கள் குழுவில் வாசிக்கிற தம்பிக்கு 50–105 போடச் சொன்னேன். தடித்த கம்பி போட்டால் நட்டுப் பள்ளமும் பார்க்க வேண்டும். ட்யூன் பண்ணும்போது டிக் டிக் என்று கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது, சின்ன அரத்தால் பக்கவாட்டில் ஒரு சொட்டு அகட்டினால் போதும். ஆழமாக்கினால் நட்டையே மாற்ற வேண்டி வரும். மிக்ஸரில் 200 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கிவிடுவேன். அவ்வளவு செய்தும், பெரிய மேடைக்கு அவனிடம் 34தான் கேட்கிறேன். அவன் கொண்டுவருவதில்லை.

பொத்துவில் பொடியன்:

என்னுடையது கடையில் வாங்கினதே இல்லை. அறுகம்பேயில் சீசன் முடிகிற ஒக்டோபர் மாதம் வெள்ளைக்காரர்கள் போகும்போது சுமக்க முடியாததை எல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். சேர்ஃப் போர்ட், ஃபேன், சட்டி பானை, ஒருமுறை பேஸ். ஐபனேஸ் மிக்ரோ, 28.6 அங்குலம். கபானாவில் (கடற்கரைக் குடிலில்) கடலைப் பார்த்து மாட்டியே வைத்திருந்தார் போல. மரமும் பிக்கப்பும் நல்லது, இரும்பு என்று இருந்ததெல்லாம் உப்புத் தின்றுவிட்டது. நாங்கள் கேட்ட விலைக்கே தந்தார், அதற்கும் அதுதான் காரணம்.

சேடிலின் சின்ன அலன் ஸ்க்ரூக்கள் அசையவே இல்லை. பலத்தைப் போட்டால் ஆறுமூலை வட்டமாகிவிடும், அதற்குப் பிறகு கதை முடிந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் துரு எண்ணெய் நனைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் தொட்டுத் தொட்டு வைத்து, மரத்தில் படாமல் கீழே துணி விரித்து, இரவு முழுக்க விட்டேன். காலையில் இரண்டு அசைந்தது. மற்றவற்றைச் சோல்டரிங் அயனால் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்ப எண்ணெய். கடைசி ஸ்க்ரூ விடும்போது கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது, உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சந்தியில் ரேடியோ திருத்துகிற காக்கா (அண்ணன்) வயர் சொருகுகிற ஜெக்கை மாற்றிச் சோல்டர் வைத்துத் தந்தார். வொலியூம் திருப்பும்போது வந்த கரகரப்பை ஸ்ப்ரே அடித்தே நிற்பாட்டிவிட்டார். சல்லி வாங்கவில்லை, வாசித்துக் காட்டச் சொன்னார்.

இங்கே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு: வாசித்து முடித்ததும் கம்பிகளைக் காய்ந்த துணியால் மேலும் கீழும் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் கிட்டார் பைக்குள் போடுங்கள். மாரிக்கு ஒருமுறை, வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் ஒருமுறை நெக்கைப் பாருங்கள். கச்சானில் நெக் மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் முனைகள் பக்கத்தால் துருத்திக்கொண்டு கையைக் கீறும். முதலில் அதை ஏதோ சிராய் என்று நினைத்தேன்.

களுவாஞ்சிக்குடி:

பேஸைப் பற்றி எல்லோரும் சொல்லியாயிற்று, அம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணன் கப்பல் பெட்டியில் பேஸ் அம்ப் போட்டுவிட்டார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்டரின் முள்ளை மட்டும் மாற்றிச் சொருகினால் புகைதான். பின்பக்கத் தகட்டில் 100–240 என்று இருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதன் வொட் அளவு அம்ப் இழுப்பதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். நான் வாங்கினது அம்பைவிடப் பாரம். லண்டனில் சொந்தம் இருப்பவர்கள் அங்கிருந்து கேளுங்கள், வோல்ட்டும் பொருந்தும், சதுர முள்ளும் பொருந்தும்.

அக்கரைப்பற்று சவுண்ட்:

அதோடு இதையும் கேளுங்கள். கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டு சுர்ர் என்றால், அதைச் சாதாரணமாக விட வேண்டாம். எங்கோ ஏர்த் இல்லை. வாசிப்பை நிறுத்தி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வயரிங்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய மண்டபங்களில் இது நிறைய.

டச்பார் அங்கிள்:

சின்னப் பிள்ளைகளின் பேஸ் என்று டீச்சரிடம் சொன்ன கடைக்காரரை என்னிடம் அனுப்புங்கள். போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கின ஹொஃப்னர் 30 அங்குலம்தான். 1972இல் களவு போய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்ததாக 2024இல் செய்தி வந்ததே, அதே பேஸ். கிப்சன் 1953இல் முதன்முதலாகச் செய்த மின்சாரப் பேஸும் 30.5. ஃபெண்டர் கம்பனியே 1966இல் மஸ்டாங் பேஸை 30 அங்குலத்தில் கொண்டுவந்தது.

நாங்கள் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழி வந்தவர்கள்) வீட்டுக் கலியாணங்களில் வயலின், கிட்டார், ரபான் மேளத்தோடு கஃப்ரிஞ்ஞா, பைலா என்ற ஆட்டப் பாட்டுகளை வாசித்து வளர்ந்தவர்கள். ஆறெட்டுத் தாளத்தில் பேஸ் நீண்டு நிற்கக் கூடாது, 'தும்' என்று விழுந்து உடனே ஒதுங்க வேண்டும், அப்போதுதான் ஆடுகிறவன் கால் தெரியும். ஷோர்ட் ஸ்கேலில் ஃப்ளெட்வூண்ட் கம்பி போட்டால் அந்தச் சத்தம் சும்மா கிடைக்கும். வழுவழுப்பான கம்பி, விரல் சறுக்கும் கீச்சுச் சத்தம் இல்லை, வரிகளுக்கு இடையில் அழுக்கும் வியர்வையும் தங்காது. இந்த உப்புக் காற்றில் எனக்கு வருடக்கணக்கில் உழைக்கிறது. விலை கூடத்தான். பல ஃப்ளெட்வூண்டுகளுக்கு இழுவையும் கூட, சவுண்ட் தம்பி சொன்ன 22 வீதத்தில் ஒரு பங்கை அது திருப்பித் தந்துவிடும். ஆனால் போட்ட பிறகு நெக்கைத் திரும்ப அளக்க வேண்டும், இந்த முறை இறுக்க வேண்டி வரலாம்.

தம்பி, உன் மண்டபக் குழம்புக்கும் இதைப் போட்டுப் பார். உங்கள் குழுவில் ஒர்கன்காரன் இடது கையாலும் பேஸ் அடிக்கிறான் என்று நினைக்கிறேன். முதலில் அதை நிற்பாட்டு.

காரைதீவு:

அங்கிள் சொன்னதற்கு நூறு லைக். எனக்கு ஒரு சந்தேகம்: ஃபோன் ட்யூனர் ஈ கம்பியை மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஊசி அங்கும் இங்கும் ஆடுகிறது.

கல்லடி டீச்சர்:

ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ், ஃபோன் மைக்குக்கு அது சரியாக எட்டாது. 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எடுத்து ட்யூன் பண்ணுங்கள், 82இல் உடனே பிடிக்கும். இல்லாவிட்டால் ஹெட்டில் கவ்வுகிற ட்யூனர் ஒன்று வாங்குங்கள், சபையில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போதும் வேலை செய்யும்.

அங்கிள், எனக்கும் ஒரு ஃப்ளெட்வூண்ட் செட் வேண்டும். தனித்தனியாக எடுப்பித்தால் அனுப்புகிற செலவே கம்பியின் விலைக்கு வந்துவிடுகிறது, சேர்த்து எடுப்போம். தேவையானவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் "ஷோர்ட் ஸ்கேல்" என்று மட்டும் எழுத வேண்டாம். பாலத்தில் கம்பியின் குண்டு முனை உட்காருகிற இடத்திலிருந்து நட் வரை எத்தனை அங்குலம், கம்பி உடம்புக்குள்ளால் வருகிறதா மேலால் வருகிறதா என்று எழுதுங்கள். பொத்துவில் தம்பி, உங்களுடையது 28.6 என்றபடியால் கட்டாயம் அளந்து சொல்லுங்கள், ஈ கம்பி எந்த இடத்தில் மெலிகிறது என்று பெட்டியில் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எடுப்பேன்.