வீடியோ கேம்களில் பாலியல் வன்முறை: யார், யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: மரகதம்

2025 ஏப்ரலில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் இருந்த ‘நோ மெர்சி’ என்ற கேமைச் சுற்றி நடந்தவை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்துவதையே ஆட்டக்காரரின் இலக்காக வைத்த அந்தக் கேமை எதிர்த்து பெண்களைப் பாலியல் பொருளாகக் காட்டுவதை எதிர்க்கும் ஆஸ்திரேலியாவின் ‘கலெக்டிவ் ஷவுட்’ அமைப்பு குரல் கொடுத்தது. பிரிட்டனின் அப்போதைய தொழில்நுட்பத் துறை அமைச்சர் பீட்டர் கைல் கண்டித்தார். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அது கிடைக்காமல் போயிற்று. இறுதியில் தயாரித்தவர்களே ஸ்டீமிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அதுவரை எனக்குக் குழப்பம் இல்லை.

ஜூலையில் அதே அமைப்பு விசா, மாஸ்டர்கார்டு, பேபால் முதலிய பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதியது. அதன்பின், இந்நிறுவனங்களின் நெறிகளை மீறக்கூடிய உள்ளடக்கத்துக்கு இடமில்லை என்ற புதிய விதியை ஸ்டீம் சேர்த்தது. தனிப் படைப்பாளிகள் தங்கள் கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளமோ, வயதுவந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்ட எல்லாப் படைப்புகளையும் முன்னறிவிப்பின்றித் தேடலிலிருந்து மறைத்தது. வன்முறையை ரசிக்க வைக்கும் கேமும், அதற்கு ஆளானவரின் பக்கம் நின்று பேசும் கேமும் ஒரே குறிச்சொல்லின் கீழ் இருந்தால் சேர்ந்தே மறைந்தன.

நாங்கள் சிலர் நடத்தும் மதிப்புரைப் பக்கத்துக்கு நெறிமுறை எழுத முனைந்திருப்பதால் கேட்கிறேன். இதைச் சமூகம் கணக்குக் கேட்டதாகக் கொள்ளலாமா, அல்லது சமூகத்தைத் தாண்டி யாரோ எடுத்த முடிவு என்று கொள்ள வேண்டுமா?

மறுமொழி: நெய்தல்

வெளியார் வந்து நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து போட்டது யார் என்பதிலிருந்து தொடங்குவோம். சட்டவிரோதமானவற்றையும் வெறும் சீண்டலுக்காகச் செய்யப்பட்டவற்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஸ்டீமில் அனுமதிப்போம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஜூனில் அறிவித்தது. ஒன்பதே மாதத்தில், 2019 மார்ச்சில், ‘ரேப் டே’ என்ற கேம் அங்கே வெளியீட்டுக்குக் காத்து நின்றது. எதிர்ப்பு வலுத்த பின் வால்வ் அதை மறுத்தது உண்மைதான். ஆனால் மறுத்தபோது சொன்ன காரணம், அந்தக் கேம் எத்தகைய செலவையும் ஆபத்தையும் வரவழைக்கும் என்று தெரியவில்லை என்பதே. அறத்தைப் பற்றியோ, இனி வரும் கேம்களை எந்த அளவுகோலால் அளப்போம் என்பதைப் பற்றியோ தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து ‘நோ மெர்சி’ அதே கடைக்குள் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஜப்பானில் இல்லூஷன் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘ரேப்லே’யின் கதையும் இதுவே. உள்நாட்டில் சலசலப்பின்றி விற்றுக்கொண்டிருந்த அந்தக் கேம், 2009இல் அமேசானில் விற்பனைக்கு இருப்பது பிரிட்டனில் செய்தியாகி, ‘ஈக்வாலிட்டி நவ்’ என்ற பெண்ணுரிமை அமைப்பு கடிதப் போராட்டம் தொடங்கிய பிறகுதான் நிறுவனம் அதை விலக்கியது. அந்தத் துறையின் நெறிமுறை அமைப்பும் அதன் பின்னரே இத்தகைய கேம்களைத் தடுக்க முன்வந்தது. ஒவ்வொரு முறையும் கேள்வி வெளியிலிருந்தே வந்திருக்கிறது. உள்ளே இருந்து யாராவது கேட்டால், குறிப்பாகப் பெண்கள் கேட்டால், “பிடிக்கவில்லையென்றால் வாங்காதே” என்ற ஒரே பதிலைத்தான் நாம் சளைக்காமல் சொல்லி வந்திருக்கிறோம். அப்படிப்பட்ட சமூகம், ஜூலையில் மட்டும் தன் உரிமை பறிபோனதாகக் குமுறுவதை என்னால் முழு மனத்துடன் ஏற்க முடியவில்லை.

மறுமொழி: வழிப்போக்கன்

நெய்தல் சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். கணக்குக் கேட்பது என்றால், கேட்டவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருக்க வேண்டும். ஜூலையில் அப்படி யார் இருந்தார்கள்? எந்தக் கேமையும் நாங்கள் மதிப்பிடவில்லை, எந்தக் கட்டுப்பாட்டையும் கோரவில்லை என்று ஆகஸ்டு முதல் நாள் மாஸ்டர்கார்டு அறிவித்தது. அவர்கள் எங்களிடம் நேரடியாகப் பேசவில்லை, பணப் பரிமாற்ற இடைநிலை நிறுவனங்களும் வங்கிகளும் மாஸ்டர்கார்டின் விதியைக் காட்டித்தான் மறுத்தன என்று வால்வ் விளக்கியது. முடிவு எடுக்கப்பட்டது, ஆனால் எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் மனுவில் கையெழுத்திட்டதும், அட்டை நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்ததும் இதனால்தான். அங்கே எடுத்துப் பேசிய ஊழியர்களுக்கு இட்ச்.ஐஓ என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது, பாவம்.

இதற்கு மாறாக, ஸ்வீடனின் டென்னட்டன் நிறுவனம் உருவாக்கிய ‘ஹாட்லைன் மயாமி 2’ஐப் பாருங்கள். பன்றி முகமூடி அணிந்த பாத்திரம் ஒரு பெண்ணைத் தாக்கி வல்லுறவுக்கு முனைகிறது. உடனே அது ஒரு படப்பிடிப்பு என்று தெரிய வருகிறது. 2013இல் மாதிரி வடிவத்தை விளையாடிய சிலர், அந்தத் திருப்பம் தங்களுக்கு நேர்ந்த அதிர்ச்சியைத் துடைத்துவிடாது என்று எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் மாதிரியிலிருந்து காட்சியை எடுத்தார்கள். 2015இல் முழு கேம் வந்தபோது, பாலியல் வன்முறையைக் குறிக்கும் காட்சிகளைத் தவிர்க்க விரும்புகிறீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். ஆஸ்திரேலிய வகைப்பாட்டு வாரியம் அப்போதும் சான்றிதழ் தர மறுத்தது. வாரியத்தின் முடிவு எனக்கு உவப்பானதன்று. ஆனால் அது காரணத்தை எழுத்தில் வைத்தது, எனவே அதோடு வாதிட முடிந்தது. காட்சியைத் தவிர்க்கலாம் என்ற அந்தத் தெரிவும் முழுமையான தீர்வு இல்லை, ஏனெனில் காட்சி எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வியை அது ஆட்டக்காரரின் தோளில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இருந்தும் கேட்டவரும் பதில் சொன்னவரும் அங்கே கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

மறுமொழி: பழைய பயனர்

இன்னும் பின்னோக்கிச் செல்கிறேன். கேமின் கதையில் வரும் காட்சி அல்ல என்றாலும், சமூகம் தானே முடிவெடுக்க முயன்ற நிகழ்வு என்பதால் பொருந்தும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக் கணினியில் ஓடிய ‘லாம்டாமூ’ என்ற, பலர் இணையவழி சேர்ந்து உலவிய எழுத்துவழி உலகில், 1993இல், ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரத்தை இயக்கியவர், ஒரு சிறு நிரலின் துணையால் மற்றவர்களின் பாத்திரங்கள் வன்முறைக்கு உட்பட்டுத் தாமே இணங்கியதாகத் தோன்றும் வரிகளை எல்லோரும் கூடும் அறையில் வரவழைத்தார். பாதிக்கப்பட்டவர்கள் அவரை நீக்கக் கோரினார்கள். பயனர்கள் கூடி மணிக்கணக்கில் விவாதித்தும் முடிவு எட்டப்படவில்லை. கடைசியில் நிர்வாகி ஒருவர் தனியாகவே அந்தக் கணக்கை அழித்தார். லாம்டாமூவை நிறுவிய பாவெல் கர்ட்டிஸ் ஊரிலிருந்து திரும்பியதும், பயனர்கள் மனுக் கொடுத்து வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தண்டனையைவிட அந்த முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவும் சண்டை சச்சரவின்றி ஓடியதாக நினைத்துவிட வேண்டாம். அதற்குள் கிளம்பிய பூசல்களுக்குக் குறைவில்லை.

மரகதம்

மூவருக்கும் நன்றி. ஸ்டீமில் முதிர்ந்த உள்ளடக்கத்தின் விவரத்தைத் தயாரிப்பாளரே எழுதுகிறார். அது சில சமயம் எச்சரிக்கையாகவும் சில சமயம் விளம்பரமாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே எங்கள் மதிப்புரைகளில், வன்முறை யாருடைய பார்வையில் காட்டப்படுகிறது, அதை நிகழ்த்தும் பொத்தான் ஆட்டக்காரரின் கையில் இருக்கிறதா, தவிர்க்கும் வழி உண்டா என்பவற்றை மதிப்பெண்ணுக்கு முன்பே எழுதுவதென்று முன்மொழியப் போகிறேன். தயாரிப்பாளர் மறுப்பு அனுப்பினால் அதையும் அதே பக்கத்தில் வெளியிடுவோம்.

நெய்தல்

நல்ல ஏற்பாடு. ஒன்றே ஒன்று: அந்தப் பகுதிக்கு வரும் பின்னூட்டங்களை யார் மட்டுறுத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எழுதும் பெண்களின் தலையிலேயே அந்த வேலையும் விழுந்தால், இரண்டாம் மாதமே எழுதுவதை விட்டுவிடுவார்கள்.