விரலில் டார்ச் அடித்தால் சிவக்கிறதே, உள்ளே இருக்கும் கட்டியை ஏன் படம் பிடிக்க முடியவில்லை?

பர்கூர்_பையன்:

வணக்கம். ஊர் பர்கூர் பக்கம், ஃபைனல் இயர் இசிஇ. மூன்று பேர் டீம், கையில் 7,000 ரூபாய். "கதிர்வீச்சு இல்லாமல் மார்பகக் கட்டியைக் கண்டுபிடிக்கும் நியர் இன்ஃப்ராரெட் டோமோகிராஃபி கருவி" என்று தலைப்பு கொடுத்து, அது ஓகேயும் ஆகிவிட்டது. சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெளியே வருவதை அளந்து உள்ளே இருப்பதைப் படமாக்குவதுதான் ஐடியா.

12 செ.மீ. அகலமுள்ள கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டப்பா. அதைச் சுற்றி 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள எல்இடி எட்டு, வெளிச்சத்தை அளக்கும் போட்டோடயோடு எட்டு. உள்ளே பால். கட்டிக்குப் பதிலாகப் பெரிய கறுப்புத் திராட்சை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு எல்இடியாக எரியவிட்டு எட்டு டயோடிலும் ரீடிங் எடுத்து, சிடி ஸ்கேனுக்குச் செய்வது போல, ஒவ்வொரு ரீடிங்கையும் அது வந்த கோட்டின் மேலேயே பரப்பிப் படமாக்கும் பேக் புரொஜெக்‌ஷன் போட்டோம். படம் முழுக்க ஒரே சாம்பல். திராட்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சாம்பல்தான்.

வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து 808 நானோமீட்டர் லேசர் மாட்யூல் வாங்கலாமா என்று பார்க்கிறோம். அடுத்த ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

ராயக்கோட்டை_தக்காளி:

தம்பி, லேசரை முதலில் மறந்துவிடு. 808 கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இமை தானாக மூடாது, பட்டது தெரிவதற்குள் விழித்திரை போய்விடும். அதற்கான கண்ணாடி இல்லாமல் ஹாஸ்டல் ரூமில் விளையாடும் பொருள் இல்லை.

நான் எம்.டெக்கில் இதே மாதிரி ஒன்றைச் செய்து நன்றாக அடி வாங்கியவன், இப்போது ஓசூரில் சென்சார் வேலை. உன் செட்டப்பில் மூன்று நான்கு தப்பு தெரிகிறது, அதில் பெரியது திராட்சைதான். கறுப்புத் திராட்சை நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அந்தத் தோலில் இருக்கும் நிறமி பச்சை வெளிச்சத்தை விழுங்கும், 850-ஐ அப்படியே விட்டுவிடும். அதாவது நீ கட்டி என்று தொங்கவிட்டது, உன் எல்இடிக்கு ஒரு சின்னத் தண்ணீர்ப் பை. நம்பிக்கை இல்லாவிட்டால் டிவி ரிமோட்டின் முனையில் திராட்சையை வைத்து, இருட்டில் பட்டனை அமுக்கி, போனின் செல்ஃபி கேமராவில் பார். பேனா இங்க்கும் பல இப்படித்தான் ஏமாற்றும். இந்தியன் இங்க் வாங்கு, அதில் இருப்பது கரி, கரி எல்லா நிறத்தையும் விழுங்கும். கடல்பாசியைக் காய்ச்சி, பால் ஊற்றி, சுற்றியிருக்கும் பாலில் கலந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இங்க் சேர்த்து உருண்டை பிடி. அதுதான் உன் கட்டி. சுற்றியிருக்கும் பாலிலும் தண்ணீர் கலந்து சில சொட்டு இங்க் விட வேண்டும், வெறும் பால் 850-ஐச் சிதறடிக்குமே தவிர அவ்வளவாக விழுங்காது, உடம்பு இரண்டையும் செய்யும்.

அடுத்தது டப்பா. கண்ணாடி மாதிரி சுவர் இருந்தால் வெளிச்சம் பாலுக்குள் போகாமல் சுவர் வழியாகவே சுற்றி டயோடுக்கு வந்துவிடும். நீ அளந்தது பாலை இல்லை, டப்பாவை. கறுப்பு பிவிசி பைப் துண்டு எடுத்து ஓட்டை போட்டு, எல்இடியும் டயோடும் நேரடியாகப் பாலைத் தொடும்படி வை. அகலமும் 12 வேண்டாம், 6 செ.மீ. போதும். திசுவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெளிச்சம் ஐந்தில், ஆறில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். 6 செ.மீ. தாண்டும்போது லட்சத்தில் சில பங்குதான் மிச்சம், 12 என்றால் உன் டயோடு டியூப்லைட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். எல்இடியை 1 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் பிரித்து எடுத்தால் டியூப்லைட் தொல்லை போகும்.

இப்போது பேக் புரொஜெக்‌ஷனுக்கு வருவோம். எக்ஸ்ரே நேர்கோட்டில் போகும், அதனால் சிடியில் அந்தக் கணக்கு செல்லும். இந்த வெளிச்சம் திசுவுக்குள் போய் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் எந்தத் திசையில் வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. மார்கழியில் விடியற்காலம் தளி ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறாயா? எதிரே லாரி வருவது தெரியும், இடமா வலமா என்பதும் ஒரு மாதிரி தெரியும், நம்பர் பிளேட் தெரியாது. அதனால் கோடு போடாமல், வெளிச்சம் சிதறிப் பரவுவதைக் கணக்கிடும் டிஃப்யூஷன் சமன்பாடு போட வேண்டும். உள்ளே ஒரு இடத்தில் உறிஞ்சல் கொஞ்சம் கூடினால் ஒவ்வொரு டயோடிலும் எவ்வளவு மாறும் என்று ஒரு மேட்ரிக்ஸ் (எண் அட்டவணை) தயார் செய்து, அதைத் திருப்பிப் போட வேண்டும். உன்னிடம் 64 ரீடிங், படத்தில் ஆயிரக்கணக்கில் புள்ளி, நேராகத் திருப்பினால் குப்பை வரும், சின்னப் பிழை பெரிதாக ஊதிவிடாமல் அடக்கும் டிக்கனாவ் முறையில்தான் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் நீயே எழுதாதே. டார்ட்மத்தில் உருவான நிர்ஃபாஸ்ட், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் டோஸ்ட், இரண்டும் இந்தக் கணக்கைப் போடும் மென்பொருள், இரண்டும் இலவசம்.

உருண்டை இல்லாமல் ஒரு முறை, உருண்டையோடு ஒரு முறை அளந்து, இரண்டின் விகிதத்தை மட்டும் கணக்கில் போடு. எல்இடிக்கு எல்இடி இருக்கும் வித்தியாசம் அதிலேயே அடிபட்டுப் போகும்.

நைட்_டியூட்டி_அக்கா:

நான் தருமபுரியில் ஸ்டாஃப் நர்ஸ். மேலே இருக்கும் கணக்கு பாதி புரியவில்லை, ஆனால் விஷயம் புதிது இல்லை. விரைவீக்கம் என்று வருகிறவரை லைட்டை அணைத்துவிட்டு டார்ச் வைத்துப் பார்ப்பார்கள், நீர் என்றால் சிவந்து ஒளிரும், கெட்டியான கட்டி என்றால் இருட்டாகவே இருக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் 660, 940 என்று இரண்டு வெளிச்சத்தை வைத்துத்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜனைக் கணக்குப் போடுகிறது.

என் கவலை உன் தலைப்பு, தம்பி. "கதிர்வீச்சு இல்லாமல் கண்டுபிடிக்கும்" என்று போஸ்டர் ஒட்டினால் கல்லூரி விழாவுக்கு வரும் அம்மாக்கள் அதைப் படிப்பார்கள். மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, என்றாலே பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கட்டி தட்டுப்பட்டால் டாக்டர், மாமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி வைத்து எடுத்து டெஸ்ட், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அப்புறம், தெரிந்தவர்கள் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதே, அதற்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும்.

ராயக்கோட்டை_தக்காளி:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. 1929-லேயே மேக்ஸ் கட்லர் என்ற அமெரிக்க டாக்டர் மார்பகத்துக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். விளக்கின் சூடு ஒரு பிரச்சினை, நிழல் மங்கலாக இருப்பது இன்னொன்று. 1977-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜாப்சிஸ், நியர் இன்ஃப்ராரெட் மூளை வரைக்கும் போய்த் திரும்பும் என்று காட்டிய பிறகுதான் இந்தத் துறைக்கே உயிர் வந்தது. ஆனால் கூர்மையில் இது மாமோகிராமுக்குப் பக்கத்தில்கூட வராது. அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பார்க்கும், இது அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்.

இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் 800-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு அளவில் விழுங்கும். இரண்டு நிறத்தில் அளந்தால் அங்கே ரத்தம் எவ்வளவு, அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று வந்துவிடும். எக்ஸ்ரே படத்தில் அது வராது. பிறந்த குழந்தையின் தலையில் ஒட்டி மூளைக்கு ஆக்ஸிஜன் போகிறதா என்று பார்ப்பதும், கீமோ ஊசி போட்ட பிறகு கட்டிக்குள் ரத்தம் குறைகிறதா என்று ஆராய்வதும் அதனால்தான்.

கிளிமூக்கு_மாங்கா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எங்களுக்கு போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு. இதே நியர் இன்ஃப்ராரெட்டை வைத்து மாங்காயை வெட்டாமலே உள்ளே தண்ணீர் போக மிச்சம் எவ்வளவு தேறும் என்று சொல்லும் கருவி இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அதை வைத்துத்தான் பறிக்கும் நாளை முடிவு செய்கிறார்களாம். தம்பிக்கு எத்திக்ஸ் கமிட்டி பிரச்சினை என்றால் சீசனில் எங்கள் தோப்புக்கு வரச் சொல்லுங்கள், கொட்டைக்குள் வண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும், நானே காசு தருகிறேன்.

பர்கூர்_பையன்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் நாளே ரிமோட் முனையில் திராட்சையை வைத்துப் பார்த்தோம். நைட் லேம்ப் போல மின்னியது. இதற்காகவா ஒரு மாதம் ராத்திரி பகலாகப் பால் ஊற்றினோம் என்று ஆகிவிட்டது.

அக்கா, தலைப்பை மாற்றிவிட்டோம், இப்போது "பால் மாதிரியில் உறிஞ்சும் பொருளின் இடத்தைக் கண்டறிதல்". கைடு முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

6 செ.மீ. பைப், கடல்பாசி உருண்டை, நிர்ஃபாஸ்ட். படத்தில் ஒரு மங்கலான கறை வருகிறது அண்ணா, உருண்டையை நகர்த்தினால் கறையும் நகர்கிறது! ஒரே சிக்கல், உருண்டை நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால் படத்தில் 19-ல் காட்டுகிறது. எங்கே வைத்தாலும் சுவர்ப் பக்கம் இழுக்கிறது.

ராயக்கோட்டை_தக்காளி:

அது எல்லோருக்கும் வருவது. எல்இடிக்கும் டயோடுக்கும் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு உணர்திறன் அதிகம், அதனால் கணக்கு பழியை அங்கேதான் போடும். ஆழத்துக்கு ஏற்ப எடை கொடுத்துப் பார். எடை கொடுத்தால் இரைச்சலும் கூடும், அதனால் ஒவ்வொரு ரீடிங்கையும் நூறு முறை எடுத்துச் சராசரி போட்ட பிறகு செய். மாங்காய் அண்ணனுக்கு இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதே, கொட்டை வரைக்கும் எட்டுமா என்பது தனிக் கணக்கு.