புதுப்பிப்பு: பழைய லாக் ஃபைல்களை ஸ்கிரிப்ட்டில் அழிப்பது

தரமணி ஆபீஸ் சர்வரில் பழைய லாக்குகளை (நிகழ்வுப் பதிவு ஃபைல்களை) அழிக்க, ஃபைலை நீக்கும் 'ஆர்எம்' கட்டளை மட்டும் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நிபந்தனை கொடுத்து ஃபைல்களைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளைக்கு மாறிவிட்டோம். அதில் முதலில் 'மைனஸ் பிரிண்ட்' போட்டு, சிக்கும் ஃபைல்களின் பட்டியலைப் பார்க்கிறோம். சரியாக இருந்தால் மட்டும் அதே இடத்தில், அவற்றை அழிக்கும் 'மைனஸ் டெலீட்'. அது கடைசியில்தான் வர வேண்டும்; நிபந்தனைகளுக்கு முன்னால் வந்தால் நாள் கணக்கே பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

ஃபோல்டர் பெயரை ஸ்கிரிப்ட்டில் ஒரு வேரியபிளில் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) வைக்கிறோம். தவறு வந்தால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் 'செட் மைனஸ் யூ' நல்லதுதான், ஆனால் வரையறுக்காத வேரியபிளை மட்டுமே பிடிக்கும். காலியாக இருப்பதையும் பிடிக்க, நெளிவு அடைப்புக்குள் வேரியபிளின் பெயரையடுத்து கோலனும் கேள்விக்குறியும் சேர்த்தோம். இப்போது ஃபோல்டர் பெயர் காலி என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்று: 'ஃபைண்ட்'டில் நாள் கணக்குக்கான நிபந்தனை 'எம்டைம் பிளஸ் 30' என்றால், கடைசியாக மாற்றி 31 நாள் முழுதாக முடிந்த ஃபைல்கள்தான் சிக்கும்.