வேலைத்தளத்தில் பழகினவருக்கு என்.வி.கியூ 4: ஆர்.பி.எல். போதுமா?

மெகர்:
இலங்கையில் கோர்ஸ் படிக்காமல், செய்த வேலையைக் காட்டியே வயரிங்காரர் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம் 4 எடுக்கலாம். இதைத்தான் ஆர்.பி.எல்., அதாவது முன்பே கற்றதை ஏற்கும் முறை என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாலு போட்டோ, முதலாளியின் கடிதம், கொஞ்சச் செய்முறை. இதை நம்பி ஒரு வீட்டை எப்படி ஒப்படைப்பது?

கொண்டியூட்:
அண்ணை, நீங்கள் சொல்வது மோசமாகத் தயாரித்த கோப்பு. என்.வி.கியூ தரநியமம் வேலையை அலகு அலகாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். "பத்து வருடம் நல்லாய் வேலை செய்தார்" என்ற கடிதத்தால் பயனில்லை. எந்த ஆண்டு, என்ன கட்டடம், எத்தனை சர்க்கிட், டிபியை (மின்சாரத்தைச் சர்க்கிட்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டியை) அவரே இணைத்தாரா என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். போட்டோவும் அப்படித்தான். பூசி முடிந்த சுவர் எதையும் காட்டாது. பூச முன் குழாய் ஓடின பாதையையும், மூடி கழற்றிய டிபியையும் எடுக்க வேண்டும். அதன் பிறகு மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார்.

மெகர்:
சரி தம்பி, வேலைத்தளம் எதைப் பழக்குகிறது? சுவர் வெட்டு, குழாய் பதி, வயர் இழு. சோதனையைப் பெரியவர் செய்வார், அல்லது ஒருவரும் செய்யமாட்டார். கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்தி, விழுந்தால் "எர்த் சரி" என்பார்கள். அந்தப் பட்டன் சுவிட்சுக்குள்ளேயே ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் வயர் அறுந்திருந்தாலும் விழும். பத்து வருடம் பிழையாகச் செய்ததையும் அனுபவம் என்றா எழுதுவது?

கடலோரம்:
கோர்ஸ் பக்கமும் ஓட்டை இருக்கிறது. பலகையில் வயரிங் பழகுபவர் ஈரம் ஊறின பழைய சுவரைக் கண்டிருக்கமாட்டார். ஆறு மாதப் பயிற்சித் தினக்குறிப்பை ஒரே இரவில், ஒரே பேனையால் நிரப்புவதும் நடக்கிறது.

கொண்டியூட்:
பட்டன் விஷயம் முழுக்கச் சரி. அதனால்தான் சோதனை அலகுக்குப் போட்டோவை ஏற்கவே கூடாது என்கிறேன். விண்ணப்பிப்பவர் மெயினை நிறுத்தி, பல்புகளைக் கழற்றி, எலக்ட்ரானிக் சாமான்களைப் பிரித்துவிட்டு, 500 வோல்ட் டிசியில் வயர்களின் இன்சுலேஷன் தடையைப் பார்க்கட்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எந்தச் சர்க்கிட் என்று பிரித்துக் கண்டுபிடிக்கட்டும். தடுமாறினால் அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வரட்டும். நாட்சம்பளக்காரரை முழுக் கோர்ஸுக்கும் இருத்தினால் வீட்டில் உலை வைப்பது யார்?

மெகர்:
சோதனையை நேரில் செய்விப்பதென்றால் பாதித் தூரம் வருகிறேன். ஆனாலும் முதலில் மட்டம் 3 தான். மட்டம் 4 என்றால் மேற்பார்வையில்லாமல் தனியே பொறுப்பெடுப்பவர். பிழை தேடத் தெரியாதவர் கையில் அந்தச் சான்றிதழ் போகக் கூடாது.