மதுரையை எரித்தபோது கண்ணகிக்கு என்ன வயது?

கேள்வி:
சிலம்பை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். கல்யாணத்தின்போது அவள் ‘ஈராறாண்டு அகவையாள்’, கோவலன் ‘ஈரெட்டாண்டு அகவையான்’. அதாவது 12, 16. சரி, பாண்டியன் அவையில் நிற்கும்போது? இளங்கோ வாயே திறக்கவில்லை. சிலைகளில் பார்த்துப் பார்த்து என் மனதில் முப்பது தாண்டியவளாகவே பதிந்துவிட்டாள்.

பதில்:
மனையறம்படுத்த காதையின் முடிவைப் பாருங்கள்: ‘யாண்டு சில கழிந்தன’. பல இல்லை, சில. இரண்டு மூன்று வருடம் என்று வைக்கிறேன். அப்புறம்தான் மாதவி. என் கணக்கில் இருபதைத் தாண்டாது.

பதில்:
இருபதா? மாதவியின் மகளை மறந்துவிட்டீர்கள்! வரந்தரு காதையில் அந்த மணிமேகலையின் துறவைக் கண்ணகியின் தோழி தேவந்தி சொல்கிறாள். கூந்தலை ஐவகையாக வகுக்கும் பருவமாம். பதினொன்று, பன்னிரண்டு இருக்காதா? ஆனால் அந்தப் பேச்சு வடநாட்டுப் படையெடுப்புக்குப் பிறகு. சேரன் செங்குட்டுவன் தன் தலைநகர் வஞ்சியை விட்டே 32 மாதம் ஆகியிருந்தது. துறவு இடையில் எப்போது நடந்ததோ, கோவலன் இறந்ததிலிருந்து அதுவரையான காலத்தைக் கழிக்க வேண்டும். கோவலன் சாகும்போது குழந்தைக்கு ஒன்பதாவது இருந்தால், கல்யாண வயது 12, மாதவிக்கு முந்தைய அந்தச் சில வருடம் எல்லாம் சேர்த்துக் கண்ணகிக்கு 24, 25.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. கொலைக்களக் காதையில் கோவலன் அவளைச் ‘சிறுமுதுக்குறைவி’ என்கிறான். சின்ன வயதில் பெரிய அறிவுடையவள். முப்பதைத் தாண்டிய மனைவியை அப்படிச் சொல்வானா? இருபத்தைந்துக்குள் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லை இரண்டு தடவையும் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன்.