அமிர்தி பக்கம் மானையும் கடிக்குது ஆளையும் கடிக்குது, தெருநாய்ங்கள இன்னா பண்றது?

பாலாத்துமணல்:
நம்ம வேலூர் அமிர்தி காட்டு ரோட்டுல ஒரு புள்ளிமானை நாலு நாய் சேர்ந்து கொதறிப் போட்டுச்சு, போன மாசம் எங்க தெரு பையனுக்கு கணுக்கால்ல கடி. கருத்தடை பண்ணி திரும்ப அதே தெருவுல வுட்டா இன்னா பிரயோஜனம்? மொத்தமா ஒழிச்சாதான் ஜனமும் பொழைக்கும் காட்டு ஜீவனும் பொழைக்கும்.

காட்பாடிக்காரி:
ஒழிச்சுப் பாத்த ஊரு கதைய கேளுங்கண்ணா. பாலித் தீவுல 2008ல ரேபீஸ் வந்ததும் நாய்ங்கள கும்பல் கும்பலா கொன்னாங்க, அப்படியும் தீவு பூரா பரவிச்சு, 2010ல எல்லா ஊர்லயும் நாய்ங்களுக்கு ரேபீஸ் தடுப்பூசி போட ஆரம்பிச்சப்புறம்தான் எறங்குச்சு. கொல்றப்ப ஊசி போட்ட நாயும் சேர்ந்துதான் சாவுது, அந்த எடத்துக்கு ஊசியே போடாத குட்டிங்க வந்துடும். நூத்துக்கு 70 நாய்க்காவது ஊசி போட்டு அத வருஷா வருஷம் வுடாம பாத்துக்கணும், கருத்தடை மட்டும் பத்தாது.

பாலாத்துமணல்:
ஊசி போட்ட நாய் மானை கடிக்காதாமா? 😏

காட்பாடிக்காரி:
கடிக்கும். காட்டோரம் கோழிக்கழிவ கொட்டறவன கேளுங்க அத. நான் நோயப் பத்தி பேசறேன்.

மலையடிவாரம்:
ரெண்டு பேருமே டவுன் நாயவே பேசினுகீறீங்க. ஜவ்வாது மலைல ஆட்டு மந்தையோட காட்டுக்குள்ள போற வளர்ப்பு நாய யாரு பாக்கறாங்க? எத்தியோப்பியா பாலே மலைல இதே மாதிரி மேய்ப்பருங்க நாய்கிட்டருந்துதான் ஓநாய்ங்களுக்கு ரேபீஸ் தொத்துச்சு, 2003ல ஒரு பள்ளத்தாக்குல முக்கால்வாசி ஓநாய் காலி, உலகத்துலயே அந்த ஜாதி சுமார் 500தான் மிச்சம். நம்ம நரிக்கு அப்படி வந்தா கணக்கெடுக்கக்கூட ஆள் இல்ல.

பாலாத்துமணல்:
அப்ப நரிக்கே தடுப்பு மருந்து வெச்சுடலாமே தம்பி, வெளிநாட்டுல தீனில வெச்சு போட்டாங்களே.

மலையடிவாரம்:
சுவிட்சர்லாந்துல 1978ல கோழித் தலைக்குள்ள மருந்து வெச்சு போட்டாங்கதான், ஆனா அங்க நோய சுமந்தது செந்நரிண்ணே. இங்க சுமக்கறது நாய். நாய்ல நிறுத்தினா நரிக்கு போறது தானா நிக்கும்.

காட்பாடிக்காரி:
அண்ணா, அந்த பையனுக்கு ஊசி போட்டாச்சா?

பாலாத்துமணல்:
அவங்க பாட்டி சுண்ணாம்பு வெச்சு கட்டிட்டாங்க, மறுநாள்தான் ஆஸ்பத்திரி. நாலு தடவ வரச் சொன்னாங்களாம்.

காட்பாடிக்காரி:
ஐயோ, சுண்ணாம்பு, மொளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. கடிச்ச உடனே சோப்பு போட்டு கொழா தண்ணில 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் 0, 3, 7, 28னு அந்த நாள் தவறாம ஊசி. ரத்தம் வந்திருந்தா காயத்துலயே இம்யூனோகுளோபுலினும் (நோய உடனே எதிர்க்கற மருந்து) போடணும், போட்டாங்களான்னு சீட்ட பாருங்க.

பாலாத்துமணல்:
பாக்கறேன்மா. ஆனா மலைல மந்தையோட சுத்தற நாய எவன் போய் பிடிப்பான், அத சொல்லுங்க மொதல்ல.

மலையடிவாரம்:
பிடிக்கவே வேணாம். விடிகாலைல பட்டி தொறக்கறதுக்கு முன்னாடி போனா ஆட்டுக்காரரே கழுத்த பிடிச்சுக்குவாரு, எங்க ஊர் கால்நடை டாக்டர் அப்படித்தான் போட்டாரு. ஐஸ் பெட்டில மருந்து எடுத்துனு ராத்திரியே மலையேறணும், அதுக்குதான் ஜீப் கேட்டுகினுகீறோம்.